நாலு மீட்டர்

"மறுபடியும் அடியா?" செய்தி ஆசிரியை ஃபோனிலேயே எரிந்து விழுந்தாள். "எத்தனை தடவை சொல்றது? நம்ம பேப்பர்ல மீட்டர் மட்டும்தான்!"

மறுமுனையில் ஆற்றங்கரைப் பகுதி நிருபர். சாலைப் பள்ளமோ, சரிந்த சுவரோ, எதை எழுதினாலும் அடிக்கணக்கில்தான் எழுதுவார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'அடியார்'.

"மேடம், அணையைத் திறந்துட்டாங்க. நாளைக்கு மத்தியானம் ஆத்துல பதிமூணு அடி தண்ணி ஓடும்."

"பதிமூணு அடின்னா நாலு மீட்டர். அப்படிப் போட்டுக்கறேன்."

"பக்கத்துல அடியையும் சேர்த்துப் போடுங்களேன். இங்கே பாலத்துத் தூண்ல அடிக்கணக்குதான் எழுதியிருக்கு. ஜனங்க அதைத்தான் பார்ப்பாங்க. தூண்ல நாலுன்னா கரைகூட நனையாது. நாலுதானேன்னு அலட்சியமா இருந்துடுவாங்க மேடம்."

"ஜனங்க என்ன, மீட்டர் தெரியாத குழந்தைங்களா? உங்க ஒருத்தருக்காக விதியை மாத்த முடியாது."

வைத்துவிட்டாள்.

மறுநாள் முதல் பக்கத்தில் பளிச்சென்று வந்தது: 'ஆற்றில் இன்று 4 மீட்டர் தண்ணீர்.'

அன்று காலையிலிருந்தே அடியாரைப் பிடிக்க முடியவில்லை. ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. செய்தி இல்லை, படம் இல்லை. மத்தியானம் வெள்ளம் வந்தபோது மற்றப் பத்திரிகைகள் இணையத்தில் படமாகக் குவித்தன. இவர்கள் பக்கம் மட்டும் காலி.

"எங்கேம்மா உங்க ஆளு?" ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் முகம் சுண்டிப் போயிற்று.

சாயங்காலம்தான் அடியார் கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது.

"மன்னிச்சிடுங்க மேடம். கொஞ்சம் வேலையா..."

"வெள்ளத்தை விட்டுட்டு அப்படி என்ன சார் வேலை?"

"அது வந்து... இனிமே இப்படி நடக்காது மேடம்."

அந்த மழுப்பல்தான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. 'முக்கியமான நாளில் பொறுப்பில்லாமல் காணாமல் போனார்' என்று கையோடு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். இரண்டே நாளில் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், அடையாள அட்டையை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார் மனிதர்.

ஒரு வாரம் கழித்து ஒருவர் அவளைத் தேடி வந்தார். ஆற்றங்கரையில் இஸ்திரிக்கடை வைத்திருப்பவராம்.

"நாலு மீட்டர்னு போட்டிருந்தீங்களே, அந்தச் செய்தி விஷயமா வந்தேம்மா."

அவள் அவரை உட்காரச் சொன்னாள். "உங்களுக்கு ஏதாவது... சேதமா?"

"வீட்டுக்குள்ள தண்ணி ஜன்னலுக்கு மேல நின்னுச்சும்மா. அன்னிக்குப் பேப்பரைப் பார்த்துட்டு, தூண்ல நாலுதானேன்னு முப்பது குடும்பமும் பேசாம இருந்துட்டோம். உங்க நிருபர்தான் காலையிலேயே வந்து வீடு வீடாக் கதவைத் தட்டி எங்களைக் கிளப்பினாரு. நடக்க முடியாத எங்கம்மாவைத் தன் முதுகுல தூக்கிட்டு மேட்டுக்கு ஏறினாரு. பொருள் போச்சு, ஒரு உயிர்கூடப் போகலே."

அவளால் நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை. 'கொஞ்சம் வேலையா' என்ற அந்தக் கம்மிய குரல் காதுக்குள்ளேயே நின்றது.

"அவரை வேலையை விட்டு எடுத்துட்டீங்களாமே?"

அவள் தலை மட்டும் அசைந்தது.

வந்தவர் எழுந்து கைகூப்பினார்.

"'பேப்பர்ல கணக்கைக் குழப்பி எழுதினது நான்தான், மன்னிச்சிடுங்க'ன்னு ஒவ்வொரு வாசல்லயும் அவரே ஒத்துக்கிட்டாரும்மா. மனுஷன்னா தப்பு வரத்தானே செய்யும்? நீங்க பெரிய மனசு பண்ணி, இந்த ஒரு தடவை அவரை மன்னிச்சிடக் கூடாதா?"