ஆம்புலன்ஸில் வந்த ஓட்டு

"அந்த ஹெக்டர் பெல்லாமி சொன்னதை நம்பியா இப்படி நிம்மதியாப் படுத்திருக்கே?" என்று கேட்டபடியே உள்ளே நுழைந்தாள் மொய்ரா. தொட்டிலில் கிடந்த குழந்தையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மொய்ரா எதிர்க்கட்சிக் கொறடா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த நெரிஸ் அவள் கட்சி எம்.பி. முந்தாநாள்தான் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். இருமினால்கூடத் தையல் உயிரை வாங்கியது. ஜன்னலுக்கு வெளியே தேம்ஸ் நதி. அதன் அக்கரையில் பார்லிமென்ட். அங்கே இன்று சாயங்காலம் ஓட்டெடுப்பு.

எந்த ஒப்பந்தமும் இல்லாமலே ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறுவோம் என்று அரசாங்கம் ஒற்றைக்காலில் நின்றது. அதைத் தடுக்க எதிர்க்கட்சி தீர்மானம் கொண்டுவந்திருந்தது. நெரிஸின் தொகுதியில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று உண்டு. தீர்மானம் தோற்றால் அதை இழுத்து மூடிவிடுவார்கள் என்று பாதி ஊர் தூக்கமில்லாமல் கிடந்தது.

"ஹெக்டரும் நானும் ஜோடி போட்டாச்சே, மொய்ரா. நான் வர முடியாது. அதனால அவரும் ஓட்டுப் போடமாட்டார். ரெண்டும் கழிஞ்சிடும். கைகுலுக்கிச் சொல்லியிருக்கார்."

அந்தச் சபையின் பழைய வழக்கம் அது. உடம்புக்கு முடியாதவருக்காக எதிரணியில் ஒருவர் ஒதுங்கி நிற்பார். சட்டம் கிடையாது, தண்டனை கிடையாது. மனிதருக்கு மனிதர் கொடுத்துக்கொள்ளும் பேச்சுதான்.

"கைகுலுக்கினாராம்!" மொய்ரா உதட்டைச் சுழித்தாள். "போன மாசம் அவரோட ஆளுங்கட்சி ஆள் ஒருத்தன் இப்படித்தான் கைகுலுக்கிட்டு, கடைசி நிமிஷத்துல உள்ளே புகுந்து ஓட்டுப் போட்டான். கேட்டா மறந்துட்டேன்னு பல்லைக் காட்டினான். ஹெக்டர் யாரு? முப்பது வருஷமா யூனியனை விட்டு வெளியேறணும்னு தொண்டை கிழியக் கத்தற மனுஷன். தலையை எண்ணிப் பார்த்துட்டேன். ஒத்தை ஓட்டுதான் வித்தியாசம். அதை அவர் விட்டுக்கொடுப்பாரா? மத்தியானத்திலேர்ந்து ஆளையே காணோம். எங்கேயோ பதுங்கியிருக்கார்."

"அவருக்கே ஃபோன் பண்ணிக் கேட்கட்டுமா?"

"நல்லாக் கேளு! நாம உஷாராயிட்டோம்னு ஊர் முழுக்கத் தெரியட்டும்."

"என்னால எழுந்து நிற்கவே முடியலையே..."

"நீ ஏன் நிற்கணும்? ஆம்புலன்ஸ் பார்லிமென்ட் வாசலுக்குள்ள நுழைஞ்சா போதும். நானும் அவங்க கொறடாவும் எட்டிப் பார்ப்போம். நீ உயிரோட இருக்கிறதா நாங்க ரெண்டு பேரும் தலையாட்டினா உன் ஓட்டு சேர்ந்துடும்."

நெரிஸின் கணவன் இஃபானுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா? தையல் பிரிஞ்சா யார் பதில் சொல்றது?"

நெரிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். தொழிற்சாலை வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுத முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

"குழந்தையைப் பார்த்துக்கோ, இஃபான். யாராவது கேட்டா ஸ்கேனுக்குப் போயிருக்கேன்னு சொல்லிடு."

அந்தப் பெண்ணின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். பாலத்தில் வண்டி குலுங்கிய குலுக்கலில் பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிர, வாயைத் திறந்து ஒரு முனகல் வரவில்லை. வெளியே கொடி பிடித்த கூட்டத்தில் பாதி 'வெளியேறு' என்றது, பாதி 'வெளியேறாதே' என்றது. இரண்டுமே அவள் காதில் விழவில்லை.

ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த ஆளுங்கட்சிக் கொறடாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"என்னங்க இது? ஜோடி போட்டுட்டு வந்திருக்கீங்க?"

"போன மாசம் நீங்க சொல்லிக்கொடுத்த பாடந்தான்," என்றாள் மொய்ரா. "உயிரோட இருக்காளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

அவர் வேண்டாவெறுப்பாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினார்.

கொஞ்ச நேரம் கழித்து மொய்ரா தலைகால் புரியாமல் ஓடிவந்தாள். "ஒரு ஓட்டுல ஜெயிச்சுட்டோம்டீ! உன் ஓட்டுதான்!"

நெரிஸுக்குக் கண்ணீர் வழிந்தது. "ஹெக்டர் வந்தாரா?"

"எங்கே வர்றது? கதவைச் சாத்தறதுக்குள்ள வந்து சேர முடியலை போலிருக்கு. நம்ம நல்ல காலம்!"

சக்கர நாற்காலியில் வைத்து நெரிஸை மறுபடி அவள் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது தொட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் இஃபான் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தான்.

"வாம்மா, வா! ஸ்கேன் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று எழுந்தார் ஹெக்டர் பெல்லாமி. "ஓட்டுப் போட வா, வான்னு எங்க ஆளுங்க தொல்லை தாங்கலை. பூங்காவுல ஒளிஞ்சு பார்த்தேன், அங்கேயும் வந்துட்டாங்க. கிழவன் பேச்சு மாறிடுவானோன்னு நீ பயப்படக் கூடாதேன்னு நேரா இங்கேயே வந்துட்டேன்."

நெரிஸ் இஃபானைப் பார்த்தாள்; அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"நடுவுல எங்க கொறடா ஃபோன் பண்ணி, பாலத்துக்கு அந்தப் பக்கந்தானே, ஓடிவான்னு கத்தறான். நீ ஆம்புலன்ஸ்ல வந்து ஓட்டுப் போட்டுட்டியாம்!" கிழவர் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தபடியே சிரித்தார். "எனக்கு வந்த கோபத்துக்கு, 'அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லைடா, வாயைக் கழுவு'ன்னு திட்டி ஃபோனையே அணைச்சுட்டேன்மா."