நர்சிங் குரூப்

உப்பளத்திலிருந்து நேராக மருந்துக்கடைக்கு வந்திருந்தார் பலவேசம். முழங்கால்வரை உப்பு வெளுத்துக் கிடந்தது. பக்கத்தில் மகள் செல்வக்கனி. "பார்மசி காலேஜ்ல எம்மவளுக்கு எடம் கெடைக்குமா அண்ணாச்சி? பிளஸ் டூல அறுநூத்துக்கு ஐநூத்தி அறுவது மார்க்கு" என்றார், தெருவுக்கே கேட்கிற குரலில். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அடேயப்பா! கவர்மெண்டு காலேஜே கெடைக்குமே. என்ன குரூப்பு?" "நர்சிங் குரூப்பு." கடைக்காரர் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். "அதுல பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் கெடையாதே. அது ரெண்டும் இல்லாம பார்மசில வாசப்படி ஏத்தமாட்டாவ."

பதினொன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, சயின்ஸ் குரூப்பில் டீச்சர் எழுதிய மகள் பெயரை அடிக்கவைத்தவர் பலவேசம்தான். ஆஸ்பத்திரி உத்தியோகத்துக்கு நர்சிங்கைவிட எது பெருசு என்று மேசையைத் தட்டினார். வேண்டாம்ப்பா என்று சட்டையைப் பிடித்து இழுத்த மகளின் கையை உதறிவிட்டார்.

"ஏட்டி, எந்த மடப்பய பேச்சக் கேட்டு இத எடுத்த?" என்றார் கடைக்காரர்.

"நானாத்தான் எடுத்தேன் மாமா" என்றாள் செல்வக்கனி.

பலவேசம் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைய நாம சொன்னா எங்க கேக்குதுவ" என்றது வாய். சொன்னபிறகுதான் அது அவர் காதிலும் விழுந்தது. மகள் பக்கம் திரும்ப முடியாமல், கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த சோப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.