வெள்ளை முளை

"சிமெண்டு ஃபாக்டரி வருதுங்க! ஒரு காலத்துல இங்க கடலு இருந்துச்சாம். அந்தச் சிப்பியெல்லாந்தான் சுண்ணாம்புக்கல்லாக் கெடக்குதாம். சர்வே ஆளுங்க வெள்ளை அடிச்ச முளைக்குச்சி நட்டுட்டுப் போயிட்டாங்க. முளை இருக்கிற கொல்லைக்குச் சொன்ன விலையாம்!"

தரகர் கண்ணையன் சொல்லி முடிப்பதற்குள் வைத்திலிங்கம் கடையைப் பூட்டிவிட்டார். அரியலூர் கடைவீதியில் கடலைக்கொட்டை வியாபாரி அவர். உலகச் சண்டை ஓய்ந்த பிறகு காதில் விழுந்த முதல் நல்ல சேதி. ஊருக்கே யோகம்!

ஊருக்கு மேற்கே அவருக்கும் ஒரு கல்லுக்கொல்லை உண்டு. புல்கூட முளைக்காத பூமி என்று அவர் எட்டிப் பார்த்தே மூன்று வருஷம் ஆகிறது. அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மூலை மூலையாகத் தேடினார். ஒரு முளையைக் காணோம்.

பக்கத்துக் கொல்லையில் பளிச்சென்று நாலு வெள்ளை முளை!

அது காத்தாயியின் கொல்லை. புருஷன் போன பிறகு ஆடு வளர்த்துப் பிழைக்கிறவள். முளை ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளாட்டைக் கட்டிப் போட்டிருந்தாள்.

"தங்கத் தூணுல ஆட்டைக் கட்டியிருக்காளே, அசடு!" வைத்திலிங்கத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆசை வெட்கம் அறியாது. மறுநாளே முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு அவள் குடிசைக்குப் போனார்.

"காத்தாயி, ஒத்தப் பொம்பளையா நீ படற கஷ்டம் பாக்கச் சகிக்கல. அந்தக் கொல்லையை எனக்குக் குடுத்துடு. ஊர் விலைக்கு மேலேயே தரேன்."

காத்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்லுக்கொல்லைக்கு யாருங்க பணம் தருவா? எனக்காகத்தானே?"

"தர்மம்னு வச்சுக்கயேன்."

கையில் முழுப் பணம் இல்லை. சேதி பரவுவதற்குள் காரியம் முடிய வேண்டுமே! சுண்ணாம்புக் காளவாய் போட இடம் தேடிக்கொண்டிருந்த லெப்பைக்குடிக்காடு ஜபருல்லா பாய் தலையில் தன் கொல்லையைக் கட்டினார். வியாழக்கிழமை அந்தப் பத்திரம். வெள்ளிக்கிழமை காத்தாயியின் பத்திரம்.

பத்திரம் முடிந்து ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலுக்கு வந்த வைத்திலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

காத்தாயி அவர் முன்னால் கைகூப்பி நின்றாள்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. ஒங்களாட்டம் தர்மவான்கிட்ட மறைச்சா சாமி கண்ணைக் குத்தும்."

"அட, என்ன பெரிய தப்பு? சும்மா சொல்லு."

"ஆடு கட்ட முளை இல்லீங்க. கேப்பாரில்லாம நிக்குதேன்னு, ஒங்க கொல்லையில இருந்த நாலு வெள்ளை முளையையும் நாந்தான் புடுங்கியாந்துட்டேன். அதே குழியில திரும்ப நட்டுடட்டுங்களா?"