அண்ணி ஒட்டிய டேப்

"அம்மா, இந்த ரிமோட்டுல டேப் ஒட்டினது யாரு?"

"உன் அண்ணிதான். அந்தப் பட்டனை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

சின்னவனுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. ஒரு நாளைக்கு எட்டு டி.வி. மாட்டுகிற மெக்கானிக் அவன். வெளியூர் வேலை முடிந்து ஐந்து மாதம் கழித்து வந்தால், சொந்த வீட்டு ரிமோட்டுக்கே பூட்டு!

டி.வி.யில் ஓடிய வீடியோவில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். முகம் பூசணிக்காய் போல அகன்றிருந்தது.

"சதுரப் படத்தை ரெண்டு பக்கமும் இழுத்து, இந்த அகல டி.வி.யை நிரப்பி வச்சிருக்காங்க. அது அண்ணனா, அண்டாவான்னே தெரியல!"

அம்மா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விடுடா. பூசினாப்புல நல்லாத்தான் இருக்கான்."

"எந்தக் காலத்துக் கேமராவோ! போன்ல எடுத்தா ஒழுங்கா வரும். வீடியோ கால் கேட்டா, அண்ணி 'இங்க டவர் இல்லை'ன்னு குறுக்கே வந்துடறாங்க. மாத்தல், மாத்தல்னு அவனைத் தூரத்து ஊருக்குக் கூட்டிட்டுப் போய், அவன் மூஞ்சியைக்கூட நமக்கு அளந்துதான் காட்டறாங்க. நீயும் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு இருக்கே!"

"வாயை மூடு. வாரம் தவறாம பென்டிரைவ் அனுப்பறா மகராசி. உன்னால மாசத்துக்கு ஒரு போன் பண்ண முடியுதா?"

சின்னவன் டேப்பைப் பிய்த்தான். பட்டனை இரண்டு தடவை அழுத்தினான்.

படம் சுருங்கியது. இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை விழ, நடுவில் சரியான அளவில் வந்து நின்றது.

"பார்த்தியா, இப்பதான்..."

திரையை நெருங்கிப் போய்ப் பார்த்தான்.

ஒட்டிப்போன கன்னம். துருத்திய கழுத்தெலும்பு. பாதி ஆளாகிப்போன அண்ணன், அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தான்.

டேப் எதற்கென்று சின்னவனுக்கு இப்போது புரிந்தது. சட்டென்று டி.வி.யை மறைத்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணுமில்லைம்மா. பழைய செட்டிங்கே நல்லாருக்கு. மாத்திடறேன்."

"மறைக்காதே, தள்ளு." அம்மா மிஷினை நிறுத்தினாள். "அவனுக்குப் பின்னாடி சுவர்ல கடிகாரம் தெரியுதா? உன் அண்ணி வச்ச செட்டிங்குல அது முட்டையா இருந்துச்சு. எந்த ஊர்லடா முட்டைக் கடிகாரம் விக்கறான்? முப்பது வருஷமா அளவெடுக்கற கண்ணு இது. முதல் வாரமே நானும் டேப்பைப் பிரிச்சுப் பார்த்துட்டு, திரும்ப ஒட்டி வச்சிட்டேன்."

"உனக்குத் தெரியுமா?"

"அவன் ஆபீசுக்கே போன் போட்டு விசாரிச்சேன். மாத்தலும் இல்லை, மண்ணும் இல்லை. வைத்தியத்துக்காக லீவு."

"அப்புறம் ஏம்மா அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்கலை?"

"ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா ஒத்தையில அல்லாடறா. நான் அழுது வச்சா, அவனைப் பார்ப்பாளா, என்னைத் தேத்துவாளா? அத்தைக்கு எதுவும் தெரியாதுங்கற நிம்மதியாவது அவளுக்கு மிஞ்சட்டும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன மாசத்து வீடியோவைப் போட்டுப் பாரு. அதுக்கு இப்ப கன்னத்துல லேசா சதை பிடிச்சிருக்கு."

சின்னவன் போட்டுப் பார்த்தான். உண்மைதான். படத்தை மறுபடி இழுத்து வைத்துவிட்டு, புது டேப் வெட்டி அதே பட்டன்மேல் ஒட்டினான். பிறகுதான் மிஷின் மேலிருந்த சட்டையைக் கவனித்தான்.

"இது யாருக்கும்மா? இவ்வளவு ஒடுக்கமா இருக்கு?"

"உன் அண்ணனுக்குத்தான். நாளைக்குப் பார்சல்ல போகுது."

"ஐயோ, இந்த அளவைப் பார்த்தா உனக்கு விஷயம் தெரியும்னு அண்ணி கண்டுபிடிச்சிடுவாங்களே!"

"எங்க கண்டுபிடிக்கறது? 'அத்தைக்குக் கண்ணு மங்கிடுச்சு, அளவு தப்புது'ன்னு நினைச்சுக்குவா. நினைக்கட்டுமே."

அம்மா சட்டையைத் திருப்பி, பக்கவாட்டுத் தையலை விரித்துக் காட்டினாள்.

"உள்ளே ரெண்டு இஞ்சு துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன். அவன் உடம்பு தேறத் தேறப் பிரிச்சுவிட வேணாமா?"