அம்மணி பேருக்குக் கீழே

"சம்பூர்ணத்தை இப்பவே வெளியில தள்ளு" என்றார் பட்டு முதலாளி குமரகுரு.

அவர் மகள் காயத்ரி யார் கழுத்திலும் கை வைக்கவில்லை. கீபோர்டில்தான் வைத்தாள். ஏனாத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கிற பெண். தள்ளச் சொன்னது, தறிக்கூடத்து லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து.

சம்பூர்ணம் ஓரமாக நின்றாள். தறி நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்ற வந்தவள், நாற்பது வயதில் எழுத்துக்கூட்டப் படித்து, மூன்று வருஷமாகப் புடவை டிசைன்களை அந்தப் பெட்டியிலிருந்து தறிக்கு ஏற்றுகிறாள். பெயர் போனால் நாற்காலியும் போகும். மறுபடி தார்க்கூடைதான்.

"நேத்து வந்த மெட்ராஸ் வியாபாரி, திரையில இவ பேரைப் பார்த்துட்டு 'அம்மணிதான் ஓனரா'ன்னு கேக்குறான்! ஏ சம்பூர்ணம், உன் பேரை எவன் இதுல ஏத்துனது?"

"நீங்கதான் மொதலாளி. ஆயுத பூஜையன்னிக்கிப் பெட்டி வந்தப்போ, 'புதுத் தறியில மொத நாடா ஓட்டுற கைராசிக்காரி, இதுலயும் மொத பேரு இவளுதே இருக்கட்டும்'னீங்க."

"வாசல்ல கோலம் போடச் சொன்னா வீட்டையே எழுதி வாங்கிக்குவியா?"

"அப்பா, மொதல்ல உங்க பேருக்கு அட்மின் அதிகாரம் குடுத்துட்டு, அப்புறமா…"

"தார் சுத்துறவ பேருக்குக் கீழ என் பேரா? மொதல்ல அவளைத் தூக்கும்மா!"

காயத்ரி தட்டினாள். "அக்கா, உங்களை எடுக்கவே உங்க பாஸ்வேர்டைத்தான் கேக்குது."

சம்பூர்ணம் ஒற்றை விரலால் அடித்துக் கொடுத்தாள். அவள் அட்மின் அதிகாரம் போனது. பெட்டியை ஒருமுறை அணைத்து, மறுபடி போட்டார்கள்.

"இப்ப என் பேரை அட்மின் ஆக்கு. வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சாத்துற புடவை, டிசைன் ஏறாம தறி சும்மா நின்னுக்கினு இருக்குது."

காயத்ரி அப்பாவின் பெயரில் நுழைந்து, அவர் பாஸ்வேர்டை அடித்தாள். இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. மறுபடி அடித்தாள். அதே வரி.

"என்னம்மா போட்டிருக்குது?"

"உங்களுக்கு அதிகாரம் இல்லையாம்பா. நீங்க உள்ள நோண்டுனதை அட்மினுக்குப் புகாரா வேற சொல்லிடுச்சாம்."

"என் பெட்டியில என் மேலயே புகாரா! எவன் அந்த அட்மின்? கூப்புடு அவனை!"

தார்க்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டப்போன சம்பூர்ணம் திரும்பிப் பார்த்தாள்.

"இருந்தது நான் ஒருத்திதான், மொதலாளி."