நற்சான்று

ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஆனால் கடல் தாண்டி வந்த கணக்கு வாத்தியாருக்கு அதே ஊரில் வேறொரு பள்ளியில் வேலை கனிந்துவிட்டது. ராஜினாமாக் கடிதத்தோடு வந்தவர், குடையை வாசல் சுவரில் சாத்திவிட்டு, முதல்வர் அறைக்குள் போகத் தைரியமில்லாமல் நின்றார்.

உள்ளே முதல்வர் போனில் இருந்தார். புதுப் பள்ளி முதல்வரும் நம்மவர் போலிருக்கிறது, பேச்சு தமிழில் ஓடியது.

"எங்க கணக்கு வாத்தியாரையா கேக்குறீங்க? தங்கமான மனுஷன் சார்! அவர் வகுப்புல பசங்க சத்தமே கேக்காது. விட்டுக்கொடுக்க மனசு வரல. ஆனா அவர் நல்லா இருக்கணுமே!"

சிடுமூஞ்சி என்று வாத்தியார் தினமும் தன் மனைவியிடம் திட்டித் தீர்த்த மனுஷனா இவர்! போன் வைக்கப்பட்டதும் உள்ளே பாய்ந்து, கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

"எல்லாத்தையும் கேட்டுட்டேன் சார். இனிமே கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினாலும் நான் போக மாட்டேன்!"

முதல்வருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து வாத்தியாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியேறினார்.

படிக்கட்டு வரை போனவருக்குக் குடை ஞாபகம் வந்தது. திரும்பி வந்தபோது உள்ளே துணை முதல்வரின் குரல்.

"என்ன சார், ஆள் கிளம்புறாரா?"

"எங்கே கிளம்புறது? வாசல்ல நின்னு ஒட்டுக் கேட்டிருக்கார். என் நாக்குல சனி! கொஞ்சம் கம்மியாப் புகழ்ந்திருக்கலாம்."

"அப்போ நம்ம பசங்க?"

"அடுத்த வருஷமும் கணக்கு வகுப்புல நிம்மதியாத் தூங்குவாங்க."