குழாயடிப் படம்

திருவொற்றியூர் ஸ்டூடியோவில் ராஜாத்தி ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நீட்டினாள். தெருக் குழாயடியில் குடத்தோடு ஒரு பெண்.

"எங்கம்மா. பெருசா, பளிச்சுனு வரணும்."

ஸ்டூடியோக்காரர் சுப்புராஜ் படத்தை ஸ்கேன் செய்தார். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கம்ப்யூட்டரிலேயே ஒரு ரோஜா மாலையும் போட்டார்.

"என்னிக்குப் படையல், அக்கா?"

"அடப்பாவி! அம்மா வூட்ல மீன் கழுவிகினு கீது. முகத்த விடு, குழாயப் பெருசாக்கு. பின்னால கீற ரயில்வே கேட்டும் தெரியணும்."

"குழாய் எதுக்கு?"

"கம்பெனிக்காரன் எங்க தெருவ வளைச்சு மதில் கட்டிட்டு, அங்க தெருவே இருந்ததில்லன்றான். நாளைக்குக் கோர்ட்டு."

அவர் மாலையை அழிக்கப் போனார்.

"அது இருக்கட்டும், நைனா. அந்த மதிலப் படம் எடுத்தாரேன். அதுக்குப் போடு."